பின்சக்கர டியூப் மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது: டிரையல்ஸ் பழகுபவர்கள் இதை எப்படித் தடுக்கிறீர்கள்?

காட்பாடிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஐந்து மாதங்களாகச் சொல்லிக்கொடுக்க ஆள் யாரும் இல்லாமல், காணொளிகளைப் பார்த்தே சைக்கிள் டிரையல்ஸ் பழகி வருகிறேன். காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, படிக்கட்டு, திண்ணை விளிம்பு போன்றவற்றின் மீது சைக்கிளை ஏற்றி இறக்கும் விளையாட்டு அது. அதற்கென்று தயாரிக்கப்பட்ட சைக்கிள் என்னிடம் இல்லை. பழைய 26 அங்குல மவுண்டன் பைக்கில் முன்பக்க சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு இரும்பு ஃபோர்க்கைப் பொருத்தி, சீட்டை அடிவரை இறக்கி ஓட்டுகிறேன். இரண்டு டயர்களும் 2.10 அங்குல அகலம் கொண்டவை. என் எடை 68 கிலோ. சைக்கிள் 14 கிலோ.

என் சிக்கல் இதுதான். கடந்த மாதத்தில் மட்டும் பின்சக்கரம் நான்கு முறை பஞ்சரானது. முன்சக்கரத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. நான் பழகும் இடம் ஒரு பாறைக் குன்றின் அடிவாரம். அங்கே போகும் வழியெல்லாம் வேலிக்காத்தான் முள் கிடப்பதால், முள்தான் காரணம் என்று முதலில் எண்ணினேன். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்குள் பட்டையாக வைத்துப் பார்த்தேன். அப்படியும் அடுத்த வாரமே காற்று போய்விட்டது. இத்தனைக்கும் டயரைத் தடவிப் பார்த்தால் ஒரு முள்கூடக் கையில் படுவதில்லை.

டிரையல்ஸ் ஓட்டுபவர்கள் காற்றைக் குறைவாக வைப்பார்கள் என்பதால் நான் 15 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் காற்றழுத்த அளவு) வைக்கிறேன். மோட்டார் சைக்கிள் டிரையல்ஸில் 5 பி.எஸ்.ஐ. அளவுக்குக்கூட இறக்குகிறார்கள் என்று படித்திருந்ததால், சைக்கிளுக்கு 15 என்பது பாதுகாப்பான அளவாகவே தோன்றியது. காற்றை ஏற்றினால் பின்சக்கரத்தில் நின்று குதிக்கும்போது பந்துபோல் எகிறி நிலை தடுமாறுகிறது. குறைத்தால் டியூப் போகிறது. இரண்டுக்கும் நடுவே எந்த அளவில் நிற்பது?

கருங்கல் மேடு

அளவைச் சொல்வதற்கு முன்பு, எந்த வகைப் பஞ்சர் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதையாகிவிடும். போன டியூப்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் எடுத்துக் காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். முள் குத்தியிருந்தால் டயரின் தரைப்பக்கத்தை நோக்கிய இடத்தில் ஒரே ஒரு துளை இருக்கும். ஸ்போக்ஸ் கம்பியின் முனையோ, அந்த முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப் என்ற பட்டை விலகியதோ காரணமாக இருந்தால் துளை உட்பக்கத்தில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில் இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ எதிரெதிரே இரண்டு சிறு கிழிசல்கள் இருந்தால், டயருக்கும் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் இடையே டியூப் நசுங்கியிருக்கிறது என்று பொருள். பாம்பு தீண்டிய தடம்போல் இருப்பதால் ஓட்டுபவர்கள் இதைப் பாம்புக்கடி என்பார்கள். நீங்கள் பாறைக்குன்றில் பழகுகிறவர் என்பதால், யாரிடமாவது இதைச் சொல்லும்போது டியூபுக்கு என்று சேர்த்துச் சொல்வது நல்லது.

ஒன்று கவனியுங்கள். காற்றில்லாத டியூப் சுருங்கியிருப்பதால், இரு துளைகளுக்கும் இடையே உள்ள தூரம் ரிம்மின் அகலத்தைவிடக் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இது வேறு ஏதோ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மேலும், டயரை மாட்டும்போதெல்லாம் அதன் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டினால், அடுத்த முறை டியூபில் துளை இருக்கும் இடத்தை வைத்து டயரிலும் ரிம்மிலும் அதற்கு நேரான இடத்தை நொடியில் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஒரு பழக்கம் எனக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால் இது நசுங்கல்தான் என்று நான் பந்தயமே கட்டுவேன். காரணத்தைக் கணக்காகவே பாருங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 82 கிலோ, அதாவது சுமார் 180 பவுண்டு. பின்சக்கரத்தில் மட்டும் நிற்கும்போது, டயர் 20 பி.எஸ்.ஐ. காற்றில் இருந்தால், அந்த எடையைத் தாங்க ஏறத்தாழ 9 சதுர அங்குல அளவுக்கு ரப்பர் தரையைத் தொட வேண்டும், 30 பி.எஸ்.ஐ. என்றால் 6 சதுர அங்குலமே போதும். சமதரையில் டயர் கொஞ்சம் அமுங்கினாலே அந்தப் பரப்பு கிடைத்துவிடும். ஆனால் கல்லின் கூரான விளிம்பில் தொடும் இடம் ஒரு கோடுபோல் ஒடுங்கிவிடுவதால், அதே எடையைத் தாங்க டயர் மிகவும் ஆழமாக அமுங்க வேண்டியிருக்கிறது. குதித்து விழும்போது எடை பல மடங்காகும். அந்தக் கணத்தில் 2.10 அங்குல டயரில் அமுங்குவதற்கு இடம் தீர்ந்து, ரிம் கல்லைத் தொடுகிறது. நடுவில் சிக்கிய டியூப் அறுபடுகிறது.

மோட்டார் சைக்கிள் டிரையல்ஸ் அளவை மறந்துவிடுங்கள். அங்கே பின் டயர் 4 அங்குல அகலமுள்ளது, வழக்கமாக டியூப் இல்லாதது. நசுங்குவதற்கு உள்ளே டியூபே கிடையாது. அந்த 5 பி.எஸ்.ஐ.யை அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் சைக்கிளுக்கு 15 தாராளமாகப் போதும் என்று நினைப்பது, லாரியின் பாரத்தை மாட்டுவண்டியில் ஏற்றுவது போன்றது. டிரையல்ஸுக்கென்றே செய்த 26 அங்குல சைக்கிளில்கூடப் பின் டயர் 2.5 அங்குலம் இருக்கும். ரிம்மும் உங்களுடையதைவிட மிக அகலமானது. 2.1-க்கும் 2.5-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டால் காற்று நிற்கும் இடம் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு கூடுகிறது. காணொளியில் வருபவர் வைக்கும் காற்று அவருடைய டயருக்கும் அவருடைய பல ஆண்டுப் பழக்கத்துக்கும் உரியது.

என் யோசனை: பின்னால் 28 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். சக்கரத்தை ஒரு கல் விளிம்பில் நிறுத்தி, பெடல்களில் எழுந்து நின்று, உடலைப் பின்னால் சாய்த்து மெதுவாக அமுக்கிப் பாருங்கள். ரிம் கல்லில் இடிக்கும் 'டக்' என்ற அதிர்வு காலில் தெரிந்தால் இன்னும் 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். தெரியவில்லை என்றால் அதே அளவில் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, அதன் பிறகு இரண்டிரண்டாகக் குறைத்துப் பார்க்கலாம். பந்துபோல் எகிறுவது உண்மைதான். அதைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆம்பூர் அகமது

மேலே சொன்னது சரி. ஆனால் எந்தக் காற்றழுத்த மானியை வைத்து 15 என்கிறீர்கள்? கால் பம்ப்பில் இருக்கும் 160 வரையிலான மானிகள் 30-க்குக் கீழே காட்டுவதை நம்ப முடியாது. 30 வரை மட்டுமே காட்டும் சிறிய மானி ஒன்றைத் தனியாக வாங்குங்கள். பம்ப்பைவிட அதுதான் முக்கியம்.

பழைய பஞ்சர் கடை

தம்பி, நான் சைக்கிள் வேலை பார்த்தே வயதானவன். டிரையல்ஸ் எனக்குத் தெரியாது. என் பேரன் ஓட்டுகிறான், அவனுக்கு ஒட்டுப் போட்டுத் தருவதால் டியூபைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் டயருக்குள் இருக்கும் டியூப் எந்த அளவு என்று பாருங்கள். கடையில் 26 என்று கேட்டால் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 1.50 முதல் 1.75 வரையிலான டயருக்கு உரிய டியூபை 2.10 டயரில் போட்டாலும் காற்று நிற்கும், ஓடவும் செய்யும். ஆனால் அது தன் அளவுக்கு மீறி விரிந்து, மெலிந்து, இழுத்துக் கட்டிய தோல்போல் ஆகிவிடுவதால் சிறிய நசுங்கலிலேயே அறுந்துபோகும். டயரின் அளவைச் சொல்லி, டியூபின் அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். மலையிறக்க ஓட்டத்துக்கு என்று கனமான டியூப் கிடைக்கும். சாதாரண டியூபின் கனம் 0.9 மில்லிமீட்டர் அளவில் இருந்தால், அது 1.2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். எடை கூடும், விலையும் கூடும். இருந்தாலும் பழகும் காலத்துக்கு அதுதான் ஏற்றது.

இரண்டாவது, நீங்கள் உள்ளே வைத்த பட்டை முள்ளுக்கு வேலி, நசுங்கலுக்கு அல்ல. அது டயரின் நடுவில் கிடக்கிறது. டியூப் அறுபடுவதோ ரிம்மின் இரு ஓரங்களில். அதோடு, பட்டையின் ஓரத்தைச் சீவாமல் வைத்திருந்தால் அந்த ஓரமே நாளடைவில் டியூபைத் தேய்த்து இன்னொரு துளையை உண்டாக்கும். ஆற்றோரம் போகிறவர்களுக்கு நெருஞ்சிக்கும் வேலிக்காத்தானுக்கும் பயந்து நானே பட்டை வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதைத் தப்பென்று சொல்லவில்லை. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதுதான் பேச்சு.

மூன்றாவது, ரிம்மை விரலால் சுற்றிலும் தடவுங்கள். ஒருமுறை பலமாக இடித்த இடத்தில் விளிம்பு மடங்கியோ பிசிறு கிளம்பியோ இருக்கும். பிறகு அந்த இடத்தில் மட்டும் டியூப் திரும்பத் திரும்பப் போகும். ஆள் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். சிறிய பிசிறை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினால் போதும். மடங்கிய ரிம்மைக் குறட்டால் நிமிர்த்துவதைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒட்டுப் போடும்போது இரண்டு துளைகளையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் சக்கரம் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்துச் சொல்யூஷனைத் திட்டுகிறவர்கள் நிறைய பேர். துளைகள் நெருக்கமாக இருந்தால் நீளமான ஒரே ஒட்டுப் போடலாம். தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது. கிழிசல் வால்வின் அடியிலோ டியூபின் இணைப்பின் மீதோ இருந்தால் புது டியூப்தான்.

காட்பாடிக்காரன்

ஐயா, அண்ணன்மார்களே, எல்லாருக்கும் நன்றி. இன்று காலை போன டியூப்களையெல்லாம் எடுத்து உட்கார்ந்தேன். நான்கு பஞ்சர்களில் மூன்று, நீங்கள் சொன்ன இரட்டைக் கிழிசல். நான்காவது மட்டும் உட்பக்கத்தில் ஒரே துளை. கழற்றிப் பார்த்தால் ரிம் டேப் ஒரு பக்கமாக நகர்ந்து, ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளின் தலை வெளியே தெரிந்தது. ஆக, ஒருமுறைகூட முள் குத்தவில்லை. வேலிக்காத்தானை வீணாகச் சபித்திருக்கிறேன்.

மூன்று இரட்டைக் கிழிசல்களில் இரண்டு, வால்விலிருந்து அளந்தால் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தன. அங்கே ரிம்மைத் தடவியபோது நகத்தில் மாட்டும் அளவுக்குப் பிசிறு இருந்தது. டியூபின் அளவும் ஐயா சந்தேகப்பட்டதுபோல் 1.75 வரைக்குமானதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, நண்பர் ஒருவரின் சிறிய மானியை வாங்கி வைத்துப் பார்த்தேன். என் பம்ப் 15 என்று காட்டிய நேரத்தில் டயருக்குள் 11 மட்டுமே இருந்தது.

இன்னும் இரண்டு கேள்விகள். பழகும் இடத்தில் மதிய வெயிலில் பாறை கொதிக்கிறது. அந்தச் சூட்டில் டயரின் காற்று மாறுமா? டியூபே இல்லாமல், துளையை அடைக்கும் பால் போன்ற திரவத்தை உள்ளே ஊற்றி ஓட்டும் முறைக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை அடியோடு தீருமா?

கருங்கல் மேடு

சூட்டுக்கு மாறும், ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு அல்ல. விடியற்காலை 25 டிகிரியில் 20 பி.எஸ்.ஐ. வைத்தால், டயருக்குள் காற்று 40 டிகிரியை எட்டும்போது ஏறத்தாழ 22 ஆகும். பாறையின் மீது வெயிலில் நிறுத்தி வைத்தால் இன்னும் சற்றுக் கூடும். இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், மதியம் மானி வைத்துப் பார்த்துவிட்டு அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டு, மறுநாள் அதிகாலையில் குளிர்ந்த டயரோடு நேராகப் படிக்கட்டுக்குப் போவதில்தான். எனவே எப்போதும் நிழலில், ஓட்டத் தொடங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் நான் காலை எட்டு மணிக்கு மேல் ஓட்டுவதே இல்லை. அது டயரைக் காப்பாற்ற அல்ல, என்னைக் காப்பாற்ற.

டியூப் இல்லாத முறையில் டியூப் நசுங்காது என்பது உண்மை. ஆனால் பலமான இடியில் டயரின் பக்கவாட்டுப் பகுதியே ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் சிக்கி அறுபடலாம்; அதற்கு ஒட்டுப் போடுவது எளிதல்ல. டிரையல்ஸில் பக்கவாட்டில் குதித்து விழும்போது குறைந்த காற்றில் டயர் முறுக்கிக்கொண்டு, விளிம்பு ரிம்மை விட்டு ஒரு கணம் விலகி, காற்று 'புஸ்' என்று வெளியேறுவதும் உண்டு. அந்தப் பாலும் நம் வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிடுவதால் அடிக்கடி ஊற்ற வேண்டும். உங்கள் ரிம் அதற்கென்று செய்யப்பட்டதாகவும் தெரியவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

ஏலகிரி இறக்கம்

ஒரு சிறு குறுக்கீடு. ஏலகிரி மேலே ஏறி ஓட்டுபவர்கள், உயரத்தால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து மானியில் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதையும், மேலே உள்ள குளிர்ச்சியால் அதில் ஒரு பகுதி திரும்பக் குறைந்துவிடுவதையும் காணலாம். இதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தெரிந்துகொள்வதில் ஒரு மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை எல்லாரும் டயர், டியூப், ரிம், மானி என்று பேசிவிட்டீர்கள். முன்சக்கரம் ஏன் ஒருமுறைகூடப் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதே டயர், அதே மெல்லிய டியூப், அதே பொய் சொல்லும் பம்ப். வேறுபாடு ஓட்டும் முறையில் இருக்கிறது. தொடக்கத்தில் எல்லாரும் முன்சக்கரத்தைக் கையால் தூக்கிக் கல்லின் மேல் வைக்கக் கற்றுக்கொள்கிறோம். பின்சக்கரத்தைப் பற்றி நினைப்பதே இல்லை. முன்சக்கரம் மேலே ஏறியதும் உடல் பின்னாலேயே தங்கிவிடுகிறது, முழங்கால் விறைத்துக்கொள்கிறது, மொத்த எடையையும் சுமந்துகொண்டு பின்சக்கரம் கல்லின் முனையில் போய் மோதுகிறது. நானும் அப்படித்தான் ஓராண்டு டியூப் வாங்கினேன்.

செய்ய வேண்டியது இது. முன்சக்கரம் மேலே பதிந்ததும் இடுப்பை முன்னுக்குக் கொண்டுவந்து, கைப்பிடியை முன்னோக்கித் தள்ளி, அதே நேரத்தில் முழங்கால்களை மார்பை நோக்கி மடக்குங்கள். பாதம் பெடலிலேயே இருக்க, கால்கள் மேலே வருவதால் சைக்கிளின் பின்பகுதி எடையில்லாமல் மிதந்து வரும். பின் டயர் முனையைத் தொடும்போது உங்கள் எடை அதன் மேல் இருக்கக் கூடாது. தொட்டுத் தாண்டிய பிறகுதான் எடை இறங்க வேண்டும். இதை ஒரு சாண் உயரமுள்ள நடைபாதைக் கல்லில் நூறு முறை செய்யுங்கள். காதால் கேளுங்கள்: நன்றாகச் செய்தால் ரப்பர் உரசும் சத்தம் மட்டும் வரும், எடையோடு மோதினால் 'தொப்' என்றும், ரிம் தொட்டால் உலோகச் சத்தமும் கேட்கும். உலோகச் சத்தம் கேட்ட அன்று பெரிய கல்லுக்குப் போகாதீர்கள்.

இறங்கும்போதும் இதே கதைதான். உயரத்திலிருந்து பின்சக்கரத்தை முதலில் இறக்குவது டிரையல்ஸின் முறை. ஆனால் விறைத்த காலோடு இறங்கினால் அத்தனை அடியும் டயருக்குப் போகும். குதிக்காமல், விளிம்பிலிருந்து சக்கரத்தை இறக்கிவிடுவதுபோல் கைகளை நீட்டி, பின்சக்கரம் தரையைத் தொடும் கணத்தில் கால்களை மடக்கி, அதன் பிறகு முன்சக்கரத்தை வைக்க வேண்டும். கிணற்றில் குடத்தை இறக்குகிறவர் கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிட மாட்டார் அல்லவா, அதுபோல.

இன்னொன்று, குறைந்த காற்று எதற்காக என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். டயர் கல்லின் முனையைச் சுற்றி மடிந்து பற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் தேர்ந்தவர்கள் காற்றைக் குறைக்கிறார்கள். டயர் அப்படி மடிவதற்கும் டியூப் நசுங்குவதற்கும் இடையில் ஒரு விரற்கடைதான் இருக்கிறது. அந்த ஒரு விரற்கடைக்குள் நிற்கும் மென்மை காலில் வந்த பிறகு 20-க்குக் கீழே போகலாம். அதுவரை கருங்கல் மேடு சொன்ன 28-ஐ விடாதீர்கள். முன்சக்கரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அதை இப்போது உள்ளபடியே விட்டுவிடலாம்.

ஆம்பூர் அகமது

உள்ளபடியே விடலாம் என்றால், அதே பம்ப் முன்சக்கரத்திலும் நான்கு கூட்டித்தானே காட்டியிருக்கும்? அதையும் புதிய மானியில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள் அண்ணா.

ஏலகிரி இறக்கம்

ஒப்புக்கொள்கிறேன். முன்னால் 25 வைத்துக்கொள்ளட்டும்.

காட்பாடிக்காரன்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ரிம்மின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்தேன், ரிம் டேப்பை மாற்றினேன், 2.10 டயருக்கு உரிய கனமான டியூபைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் போட்டேன். பின்னால் 28, முன்னால் 25. முதல் வாரம் பின்சக்கரக் குதி சகிக்க முடியவில்லை. மூன்று குதிக்கு மேல் நிற்கவே முடியாமல் இரண்டு முறை முதுகில் விழுந்தேன். இப்போது எட்டு, பத்து வரை வருகிறது. கடந்த ஞாயிற்றுக்கிழமை 26-க்கு இறக்கியிருக்கிறேன். எங்கள் தெருமுனை நடைபாதைக் கல்லில் தினமும் காலையில் ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்து, பால் போடுபவர் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று எண்ணி நின்று விசாரித்தார்.

இத்தனை நாளில் ஒரே ஒரு பஞ்சர், நேற்று. தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தேன்: ஒரே துளை, தரைப்பக்கம். டயரில் அதற்கு நேரான இடத்தில் வேலிக்காத்தான் முள் முறிந்து நின்றது. ஓட்டும்போதுகூட இல்லை, பாலாற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது ஏறியிருக்கிறது. பட்டையை ஓரம் சீவி மறுபடியும் உள்ளே வைத்துவிட்டேன்.